அத்தானின் தீர்ப்புக்கு வந்த சனம்

தீர்ப்புக்கு முதல் நாள் பின்னேரமே வீட்டுக்குச் சாப்பாடு வரத் தொடங்கிவிட்டது. முதலில் பெரியம்மா, ஒரு சட்டி நிறையக் கத்தரிக்காய்க் குழம்போடு வந்தார். பிறகு மூலைக்கடைக்காரரின் மனைவி, துவாயில் சுற்றிய புட்டுடன். யாரும் மணியடிக்கவில்லை. கதவை மெல்லத் தட்டினார்கள், செருப்பைக் கழற்றினார்கள், குசினிக்குள் வந்து மேசையில் பாத்திரத்தை வைத்தார்கள்.

அக்கா தன் மகளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். திரும்பி மேசையைப் பார்த்தாள்.

"ஆர் செத்தது இஞ்சை?"

செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். இது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிவதில்லை. பெரியம்மா பால் கொதிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். கொதித்ததும் தன் கையாலேயே அடுப்பை அணைத்தார்.

"நீ களைச்சுப் போனாய் பிள்ளை. போய் இரு."

எண்பதுகளின் கடைசி. லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில், ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீடு. அடுத்த நாள் காலை கிரவுன் கோர்ட்டில் என் அக்காவின் கணவருக்கு எத்தனை வருடம் என்று சொல்லப்போகிறார்கள். ஹீத்ரோவில் ஹெரோயினோடு பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, மாதக்கணக்காக ரிமாண்டில் இருந்தார் அத்தான்.

அப்போது நான் பல்கலைக்கழகம் மாதிரியான ஒரு பொலிடெக்னிக்கில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தில் எனக்குப் பைத்தியம். வகுப்பில்லாத நாட்களில் என் கூட்டாளிப் பெட்டைகள் படம் பார்க்கப் போவார்கள், நான் பஸ் பிடித்துப் போய் ஏதாவதொரு கோர்ட்டில் பார்வையாளர் வரிசையில் குந்திக்கொள்வேன். எந்த ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் நல்லது, எந்த ஜட்ஜ் கழற்றினால் கெட்டது என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டு வழக்கென்று வந்தபோது, தெரிந்ததெல்லாம் இரவில் வருடங்களை எண்ணிக்கொண்டு விழித்திருக்கத்தான் உதவியது.

நடந்தது இதுதான். அத்தானின் தம்பி பம்பாயில் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தார். லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்ட் அனுப்பவுமில்லை, விடவுமில்லை. அத்தான் நேரே போய்க் கேட்டார். "இந்தச் சூட்கேசைக் கொண்டுபோங்கள், அடுத்த கிழமை தம்பி பிளேனில் இருப்பார்" என்றானாம் ஏஜென்ட். உள்ளே என்ன என்று அத்தான் கேட்கவில்லை. தெரியாததால் அல்ல, தெரிந்ததால்தான் கேட்கவில்லை. சூட்கேசுக்கு இரண்டு அடித்தட்டு இருந்தது. தம்பி இன்னும் பம்பாயில்தான்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். லண்டனில் பெட்ரோல் ஸ்டேஷனில் நைட் ஷிப்ட். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் படியில் கியூ நிற்கும். கவுன்சிலில் இருந்து கடிதமா, பெனிபிட் வெட்டிவிட்டார்களா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லையா, "மாஸ்டரிட்டைக் கேள்." வெள்ளைச் சேர்ட் போட்டு, கையை மடித்துவிட்டு, இருந்து கேட்பார். யாரிடமும் அவர் ஒன்றும் கேட்டதில்லை. குடையைக்கூட இரவல் வாங்கமாட்டார், நனைந்துகொண்டு வருவார்.

தீர்ப்புக்கு முந்திய கிழமை பாரிஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். அக்காவும் நானும் போனோம். நீளமான மனிதர், விரல்கள் எல்லாம் மை. நான்தான் மொழிபெயர்த்தேன். கெட்டிக்காரர், பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப்போயிற்று.

பதினொன்று, பன்னிரண்டு வருடம் என்று போகக்கூடிய வழக்கு இது, என்றார். ஆனால் அத்தான் முதலே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். மற்றவர்கள் பயன்படுத்திய ஒரு ஆள் அவர். உலகம் தெரியாத, தனித்துப்போன, யாரோ கையில் திணித்ததைச் சுமந்த மனிதர். ஜட்ஜ் அப்படி ஒருவரைப் பார்த்தால் ஆறு, கூடினால் ஏழு. உள்ளே ஒழுங்காக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும்.

"மாஸ்டர் எண்டதைச் சொல்லமாட்டாரோ?" என்று அக்கா கேட்டாள்.

அந்த வார்த்தையையே எடுக்கமாட்டேன், என்றார் பாரிஸ்டர். பொய் சொல்வதில்லை, எதைச் சொல்லாமல் விடுவது என்பதுதான் தன் வேலை. எழும்பும்போது இன்னொன்று சொன்னார்: "அன்றைக்கு மனைவி மட்டும் வரட்டும். தங்கை வேண்டுமானால் பக்கத்தில் இருக்கட்டும். வேறு யாரும் வேண்டாம். தனித்துப்போன ஒருவரைப் பற்றி நான் பேசப்போகிறேன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா இல்லாத எங்களுக்கு அவர்தான் தலை. மிச்சம் பகுதியில் இரண்டு கடை, ஒரு பெரிய வான்.

"தனிச்சுப்போன ஆளோ?" என்றார். "நாங்கள் என்ன, செத்துப்போனமோ?"

"இது ஒரு யுத்தி பெரியப்பா. ஜட்ஜுக்குக் காட்டுறதுக்கு."

"யுத்தியைத் தூக்கிக் குப்பையிலை போடு. பிள்ளை, கலியாணத்துக்குச் சொன்னால்தான் போகவேணும். செத்தவீட்டுக்கும் கோர்ட்டுக்கும் சொல்லாமல் போகவேணும். அண்டைக்கு மாஸ்டர் திரும்பிப் பாக்கேக்கை பின்னாலை நாலு பேர் இல்லாட்டில் அந்த மனிசன்ரை நெஞ்சு என்ன பாடுபடும்?"

"நாலு பேர் எண்டால் பரவாயில்லை..."

"வானிலை பதினைஞ்சு பேர் கொள்ளும்" என்றார் பெரியப்பா.

தீர்ப்பன்று காலையில் வான் மட்டுமல்ல, பின்னால் மூன்று காரும் நின்றன. லண்டனின் மறுகோடி குட்மேய்ஸிலிருந்துகூட ஒரு குடும்பம் விடிய வெளிக்கிட்டு வந்திருந்தது. ஆண்கள் கோட் சூட். பெண்கள் மங்கல் நிறச் சேலைகள். ஒருவருக்கொருவர் சொல்லி வைக்காமலே எல்லோரும் மங்கலாக உடுத்திருந்தார்கள். அக்கா மட்டும் பச்சைச் சேலை. வேண்டுமென்றே.

கோர்ட் வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பெரியம்மா லூயிஷாம் கோயிலில் அருச்சனை செய்து, திருநீற்றைக் கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். காவலாளி மடிப்பைப் பிரித்தான். வெள்ளைத் தூள். பெரியம்மாவைப் பார்த்தான், எங்கள் வரிசையைப் பார்த்தான், குனிந்து மணந்தான்.

"பூசச் சொல்லு பிள்ளை" என்றார் பெரியம்மா. "நல்லது எண்டு சொல்லு."

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இன்னொரு காவலாளி வந்து, அதை வாங்கி, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினான். போகும்போது தருவார்களாம். அக்கா சிரிக்கவில்லை.

சின்னக் கோர்ட். பார்வையாளர் இருக்கைகள் கூண்டுக்குச் சரி பின்னால், கொஞ்சம் உயரத்தில். இரண்டு வரிசையும் நிரம்பி, மிச்ச ஆட்கள் சுவரோடு நின்றார்கள். பாரிஸ்டர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையிலிருந்த பேனையை மூடினார், திறந்தார், மூடினார்.

அத்தானைக் கீழே இருந்த காவல் அறையிலிருந்து கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சேர்ட், கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். மெலிந்திருந்தார். முதலில் அக்காவைத் தேடினார். பிறகு அவருடைய கண் வரிசை வரிசையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் படிக்கட்டு முழுக்க அங்கே இருந்தது. முதுகை நிமிர்த்தினார். அந்த நிமிர்வைப் பார்த்ததும் பாரிஸ்டர் சொன்ன 'தனித்துப்போன ஒருவர்' எனக்கு ஞாபகம் வந்தது.

பெரியப்பா என் காதுக்குள், "பாத்தியோ, இப்பதான் ஆள் ஆளாய் நிக்கிறார்" என்றார்.

கூண்டுக்குள் அத்தானுக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். மலேசியாக்காரர், வயதானவர், நல்ல மனிதர். அத்தானுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் பொலிஸ் முதல் நாள் கேட்டபோது அவர் வாய் திறக்காததால் மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள், பிறகு பாரிஸ்டரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த மனிதருக்குக் காது மந்தம். மந்தக் காதுக்காரர்களின் இரகசியம் எப்படி இருக்கும் தெரியும்தானே. அவர் கிசுகிசுத்தது பின்சுவர் வரை கேட்டது.

பாரிஸ்டர் எழும்பினார். அழகாகப் பேசினார். தாழ்ந்த குரல், அவசரமில்லாத ஆங்கிலம். இந்த நாட்டில் இவருக்கு மனைவியையும் குழந்தையையும் தவிர எவருமில்லை என்றார். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். ஜட்ஜ் தனக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பெரியப்பா எழும்பிக் கும்பிட்டார்.

ஜட்ஜ் குனிந்து ஏதோ எழுதினார். பாரிஸ்டர் நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில் அது மென்மையாகத்தான் இருந்தது: இந்த மனிதர் மற்றவர்கள் கையில் ஒரு குழந்தை.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தன் சொல்லும் சேர்த்து நல்ல தெளிவான தமிழில் கொடுத்தார்.

"இவரு சின்னப் பிள்ளை மாதிரி. யாரு எதைச் சொன்னாலும் நம்பிடுவாரு. கையில பையைக் குடுத்தா என்ன ஏதுன்னு கேட்கக்கூடத் தெரியாது. உலக அறிவு கிடையாது. ஒரு கடிதம் வந்தாக்கூட அடுத்தவங்களைக் கேட்டுத்தான் நடந்துக்குவாரு."

பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "மாஸ்டரையோ சொல்லுறாங்கள்?" என்று மூலைக்கடைக்காரர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. கூண்டுக்கும் கேட்டது.

அத்தானின் காது சிவப்பதைப் பின்னால் இருந்தே பார்த்தேன். அவர் திரும்பவில்லை. ஆங்கிலம் மட்டும் அவர் காதில் விழுந்திருந்தால், அல்லது தமிழில் விழுந்தாலும் பின்னால் நாங்கள் இல்லாதிருந்தால், தலையைக் குனிந்துகொண்டு இருந்திருப்பார். அவர் எழும்பினார்.

"நான் குழந்தை இல்லை" என்றார், ஆங்கிலத்தில், வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கிற குரலில். "உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். யோசித்துத்தான் கொண்டுவந்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை."

பதறிப்போன மொழிபெயர்ப்பாளர், பழக்க தோஷத்தில், அதையும் அவருக்கே தமிழில் சொல்லத் தொடங்கினார்: "நான் குழந்தை இல்லைன்னு..." பிறகு நிறுத்தி, "ஐயா, நீங்க பேசக்கூடாதுங்க, உட்காருங்க" என்று கையைப் பிடித்தார்.

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் கட்சிக்காரருடன் கொஞ்சம் பேசிவிட்டு வருவது நல்லதென்று நினைக்கிறேன்" என்று பாரிஸ்டரிடம் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

வெளியே தாழ்வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "என்ன தைரியம்!" "சிங்கம் மாதிரி!" பெரியப்பாவின் கண் கலங்கியிருந்தது. யாரோ பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். அக்கா மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாரிஸ்டர் கீழிருந்து ஏறி வந்தார். தலையில் விக் சரிந்திருந்தது. நேரே அக்காவிடம் வந்தார். மன உளைச்சலில் சொல்லிவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்றார். இந்த ஜட்ஜ் விட்டுவிடுவார். சொல்லாவிட்டால், எதை வைத்து ஆறு கேட்பது? "அவர் மறுக்கிறார். நீங்கள் ஏதும் சொல்லியனுப்பினால் கொண்டுபோகிறேன்."

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் அக்கா பேசத் தொடங்கிவிட்டாள்.

"ஒருக்கா மொக்கன், ஒண்டும் தெரியாதவன் எண்டு ஒத்துக்கொள்ளச் சொல்லு. ஒருக்கா. நான் ஆருக்கும் சொல்லிக்காட்ட மாட்டன். பிள்ளைக்கும் சொல்லமாட்டன். கொண்டுபோய்ச் சொல்லட்டும்."

"ஏன் பிள்ளை அவரை இன்னும் கேவலப்படுத்திறாய்?" என்றார் பெரியப்பா, தாழ்ந்த குரலில், உண்மையான வருத்தத்தோடு.

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாரிஸ்டர் கீழே போனார். திரும்பி வந்தபோது அத்தானின் பதில் ஒரு கேள்வியாக வந்தது: மேலே ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா?

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

நான் விளங்கிக்கொண்டேன். அக்கா எனக்கு முதலே விளங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தாழ்வாரத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"பெரியப்பா. எல்லாரும் வீட்டை போங்கோ."

தேத்தண்ணி ஊற்றியவர் பிளாஸ்கை மூடினார்.

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் இருக்கும் மட்டும் அவர் மொக்கன் எண்டு ஒத்துக்கொள்ளமாட்டார். வானை எடுத்துக்கொண்டு போங்கோ. நான் ஒருத்தி நிக்கிறன், காணும்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். இரக்கம்தான் இருந்தது.

"பிள்ளை, உனக்கு இப்ப அறிவு வேலை செய்யாது. அது இயற்கை. தூக்கிக் கொண்டுபோற வழியிலை ஆராவது விட்டிட்டுப் போறவையோ? நீ போகச் சொல்லுவாய். நாங்கள் போனால், நாளைக்கு உள்ளுக்கை இருந்து அவர் என்ன நினைப்பார்? ஆபத்திலை எழும்பிப் போனாங்கள் எண்டு."

"பெரியப்பா, இது சட்டம்" என்றேன். "நீங்கள் இருந்தால் வருசம் கூடும். விளங்குதோ? வருசம்."

"நீ ரெண்டு புத்தகம் படிச்சிட்டாய். ஆக்கள் இருந்ததுக்கு ஆரும் தண்டனை குடுக்கிறதோ?"

இரண்டு மூன்று பேர் கதவுப் பக்கம் பார்த்தார்கள். குட்மேய்ஸ்காரர் தன் மேல்கோட்டைக்கூட எடுத்தார். ஆனால் எல்லோரும் இருக்க, முதலாவதாக எழும்பிப் போன குடும்பம் என்ற பெயரை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? கோட்டை மடித்து மறுபடி கையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். முப்பது பேரும் போனோம். இம்முறை அடக்கமாக, காலடிச் சத்தம் கேட்காமல். அது இன்னும் மோசமாக இருந்தது.

அத்தான் கூண்டுக்கு வந்ததும் திரும்பி மேலே பார்த்தார். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. சுவர். யாரும் குறையவில்லை. அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப் போவதைக் கண்டேன். பெரியப்பா நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார், நாங்கள் இருக்கிறோம் என்பது போல. அத்தானும் தலையசைத்தார். வீட்டுக்காரன் வந்தவர்களுக்குத் தலையசைப்பது மாதிரி.

சொன்னதில் மாற்றம் ஏதும் இருக்கிறதா என்று ஜட்ஜ் கேட்டார். பாரிஸ்டர் கூண்டைப் பார்த்தார். இல்லை, என்றார்.

ஜட்ஜ் கத்தவில்லை. நான் பார்த்த ஜட்ஜ்மாரில் கத்தியவர்களுக்குப் பயந்ததில்லை. இவர் மழை வருமென்று சொல்வதுபோலச் சொன்னார். உங்களை மற்றவர்களால் வழிநடத்தப்பட்ட, ஆதரவற்ற ஒரு மனிதராகப் பார்க்கும்படி என்னிடம் கேட்டார்கள். நான் பார்க்கவும் இருந்தேன். வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆதரவற்றவர் இல்லை என்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். அறிவுள்ள ஒருவர் தெரிந்தே செய்த காரியம் இது. பத்து வருடம்.

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை சத்தமாகச் சொல்லவில்லை. அத்தானின் காதருகே குனிந்து விரலைக் காட்டினார். இரண்டு கையும்.

பக்கத்தில் அக்கா மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். படிகளில் இறங்கும்போது அத்தான் அவளைப் பார்க்கவேயில்லை. சேர்ட் கொலர் வெள்ளையாகக் கீழே போய் மறைந்தது.

சொல்லாமலே எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நிலத்தில் பாய் விரித்து இருந்தார்கள். குழம்பை ஆறியபடியே எடுத்து, ஒருவருக்கொருவர் பரிமாறினார்கள். "மானத்தோடை நிண்ட மனிசன்" என்றார் பெரியப்பா, யாரிடமும் இல்லாமல். அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அக்காவின் மகள் ஒவ்வொருவர் மடியாகப் போய் ஏறி இறங்கினாள். "வீட்டை போனவுடனை முழுகவேணும்" என்று பெரியம்மா யாருக்கோ கிசுகிசுத்தார். கோர்ட்டில் பூட்டிவைத்த திருநீற்றைத் திருப்பி வாங்க மறந்துவிட்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இருட்டும் முன்பே எழும்பத் தொடங்கினார்கள். செத்தவீட்டிலிருந்து போகும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் இன்னொருமுறை இப்படியொரு காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மூலைக்கடைக்காரரும் மனைவியும் அப்படித்தான் இறங்கினார்கள். குட்மேய்ஸ்காரர்களும்.

அக்கா எழும்பிப் போய்க் கதவடியில் நின்றாள். பச்சைச் சேலை கசங்கியிருந்தது.

"சொல்லிப்போட்டுப் போங்கோ."

செருப்புக்குள் கால் நுழைத்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "என்ன பிள்ளை?"

"போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. அவர் உயிரோடை இருக்கிறார்."

பெரியப்பா வாயைத் திறந்தார். பெரியம்மாவைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். எவ்வளவோ பேசுகிற மனிதர். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, திரும்பாமல் இறங்கினார். பெரியம்மாவும் பின்னாலே போனார். கீழே வான் கதவு சாத்துப்பட்டது. எஞ்சின் உடனே கேட்கவில்லை.

அக்கா கதவை மூடினாள். குசினிக்குப் போய் நெருப்புக்குச்சியைத் தட்டி அடுப்பைப் பற்றவைத்தாள். சமைக்க ஒன்றுமில்லை; மேசை நிறைய மற்றவர்களின் சட்டிகள். ஒரு பாத்திரத்தில் வெறும் தண்ணீரை ஏற்றி வைத்துவிட்டு, அது கொதிக்கும் வரை முன்னால் நின்றாள். கொதித்து வற்றியதும், மறுபடி நிரப்பி வைத்தாள்.